ஹெட்செட்டுக்குள் பீளமேடு ரன்வே: வீட்டில் ஓட்டும் விமானம் எவ்வளவு நிஜம்?

ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, காங்கேயம் வட்டாரத்தில் தகரக் கூரையும் தட்டியும் பறக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை, நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் சட்டென்று இடைவெளி விடுகிறது. முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கொங்கு நாட்டுக்குள் நுழைகிறது. மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வேகத்தை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவரும் காற்று. பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கேயம் என்று வழிநெடுகக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

அந்தக் காற்று இப்போது கம்ப்யூட்டருக்குள்ளும் வீசுகிறது. 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளியான மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், உலகத்தின் செயற்கைக்கோள் படங்களையும் நேரடி வானிலைத் தகவலையும் இணையம் வழியாக வாங்கி, திரையில் ஒரு முழு பூமியையே விரிக்கிறது. உருவாக்கியது பிரான்ஸின் போர்டோ நகரைச் சேர்ந்த அசோபோ ஸ்டுடியோ. பீளமேட்டில் இந்த நேரத்தில் மேற்கிலிருந்து பலமான காற்று என்றால், விளையாட்டில் ஓடும் விமானத்தையும் அது ஒரு பக்கமாகத் தள்ளும். அதே ஆண்டு டிசம்பரில் வி.ஆர். வசதியும் சேர்ந்தது. அதாவது, டி.வி. மாதிரி எதிரில் இருந்த காக்பிட் இப்போது ஆளைச் சுற்றி வந்துவிட்டது. குனிந்தால் பெடல், நிமிர்ந்தால் கூரை, திரும்பினால் இறக்கை.

காங்கேயத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் விளையாட்டில் வரைபடத்தில் விரலை வைத்த இடத்தில், நடுவானிலேயே பயணத்தைத் தொடங்கலாம். அங்கிருந்து பீளமேடு நேர்மேற்கே 56 கிலோமீட்டர். சின்ன செஸ்னா 172 விமானத்தில் எதிர்காற்றோடு போனாலும் இருபது நிமிடம்தான். பஸ்ஸில் போகிறவர்கள் பெருமூச்சு விடலாம்.

வீட்டுத் திண்ணையில் இருக்கும் அப்பாருவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? முகத்தில் கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாயும் பேரனைப் பார்த்தால், “ஏங் கண்ணு, என்னத்தப் பாத்துட்டு இப்பிடி நெளியறே?” என்றுதான் கேட்பார். “ஏரோப்ளேன் ஓட்டறனுங் அப்பாரு” என்று பதில் வந்தால், அடுத்த கேள்வி இப்படித்தான் இருக்கும்: “அப்ப நெசமாவே ஓட்டிருவியா?”

நியாயமான கேள்வி. அதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

கண்ணுக்கு விருந்து

முதலில் கண். இதில் வி.ஆர். சிமுலேட்டர் நிஜத்துக்கு வெகு அருகில் வந்துவிட்டது. கிளுவை வேலி போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்த கொறங்காடுகள், தேங்காய்ப் பருப்பு காயும் களங்கள், வடக்கே நெளிந்து போகும் நொய்யல் எல்லாம் செயற்கைக்கோள் படத்தில் இருப்பவைதானே? அந்தப் படம்தான் இங்கே தரையாக விரிகிறது.

சாதாரண மானிட்டரில் ஒரு பெரிய குறை உண்டு. ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும்போது, விமானி தன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, “இந்த இடத்தில் திரும்பினால் சரியாக இருக்கும்” என்று முடிவெடுக்க வேண்டும். மானிட்டரில் அதற்கு ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வி.ஆரில் கழுத்தைத் திருப்பினால் போதும். இறங்கும் கடைசி நொடிகளில் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்ற ஆழ உணர்வும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் காட்டும் ஹெட்செட்டில்தான் கிடைக்கிறது. சக்கரம் தொடுவதற்கு முன் மூக்கைச் சற்றுத் தூக்குவதற்கு அந்த உணர்வுதான் துணை.

ஆனால் கட்டடங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. உலகத்தின் கட்டடங்களை எல்லாம் மனிதர்கள் உட்கார்ந்து வரையவில்லை. படத்தைப் பார்த்து மென்பொருளே ஊகித்து எழுப்புகிறது. 2020இல் மெல்போர்ன் புறநகரில் ஊசி மாதிரி 212 மாடிக் கோபுரம் ஒன்று முளைத்து உலகத்தையே சிரிக்க வைத்தது. பொது வரைபடம் ஒன்றில் யாரோ 2 மாடி என்று அடிக்க வேண்டிய இடத்தில் 212 என்று அடித்துவிட்டார்கள். மென்பொருள் மறுபேச்சுப் பேசாமல் கட்டி முடித்துவிட்டது. லண்டனின் பக்கிங்ஹாம் அரண்மனையே ஆரம்பத்தில் ஏதோ ஆபீஸ் கட்டடம் மாதிரிதான் நின்றது. ராணி வீட்டுக்கே அந்தக் கதி என்றால், நம் ஊர்க் கோயில் கோபுரம் கோபுரமாகவே தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான்.

இன்னொன்று: ஹெட்செட்டில் ஓரப்பார்வை குறைவு. நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு உலகத்தைப் பார்ப்பது மாதிரி, இரண்டு பக்கமும் கறுப்பு விளிம்பு இருக்கும். தரை எவ்வளவு வேகமாகப் பின்னால் ஓடுகிறது என்பதை மனிதன் பெரும்பாலும் ஓரக்கண்ணால்தான் உணர்கிறான். அது இங்கே பாதிதான்.

கயிற்றில் தெரியும் காளை

அடுத்தது கை. இங்கேதான் வீட்டு விமானம் தடுமாறுகிறது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ரேக்ளா வண்டியே போதும். ரேக்ளா ஓட்டுகிறவர் காளையின் முகத்தைப் பார்த்து ஓட்டுவதில்லை. கயிறு கையில் எப்படி இழுக்கிறது, எங்கே தளர்கிறது என்பதை வைத்தே காளை அடுத்து என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துகொள்கிறார். கயிற்றின் மறுமுனையில் ஓர் உயிர் இருக்கிறது.

சின்ன விமானத்தின் கட்டுப்பாட்டுத் தண்டும் அப்படித்தான். அதை இறக்கை, வால் மடிப்புகளோடு கம்பிகள் இணைக்கின்றன. வேகம் கூடக் கூட, காற்று அந்த மடிப்புகளை அழுத்தும். தண்டு கையில் கனக்கும். வேகம் குறைந்து, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகும் ‘ஸ்டால்’ நிலை நெருங்கும்போது, அதே தண்டு தொளதொளவென்று ஆகிவிடும். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே விமானியின் கை அபாயத்தைச் சொல்லிவிடும்.

கடையில் விற்கிற ஜாய்ஸ்டிக்கில் இருப்பது வெறும் ஸ்பிரிங். நின்றாலும் ஒரே இறுக்கம், பறந்தாலும் ஒரே இறுக்கம், விழுந்தாலும் ஒரே இறுக்கம். அதனால்தான் வீட்டில் பழகியவர்கள் ‘ட்ரிம்’ விஷயத்தில் குழம்புகிறார்கள். நிஜ விமானத்தில் கை வலிக்காமல் இருக்க, அழுத்தம் மறையும்வரை ஒரு சக்கரத்தைத் திருகி விட்டுவிடுவார்கள். ஸ்பிரிங் தண்டில் மறைவதற்கு அழுத்தமே இல்லை. எதைத் திருகுகிறோம் என்பதே புரியாது. அழுத்தத்தைத் திருப்பித் தரும் மோட்டார் வைத்த தண்டுகளும் வந்துவிட்டன. விலைதான் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஹெட்செட் மாட்டியவருக்குத் தன் கையே தெரியாது என்பது தனித் தொல்லை. காக்பிட்டில் இருக்கும் சுவிட்ச் கண்முன் மிதக்கிறது, தொட்டால் வெறுங்காற்று. த்ராட்டில் எங்கே, பெடல் எங்கே என்று மேஜையில் துழாவித்தான் பழக வேண்டும்.

காதுக்குள் இருக்கும் தண்ணீர்

கண்ணுக்கும் கைக்கும் எப்படியாவது சமாதானம் சொல்லிவிடலாம். காது மட்டும் ஒத்துவராது. அதுவும் கேட்கும் காது அல்ல; காதுக்குள் ஆழத்தில், உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, சுற்றுகிறது என்று சொல்லும் மூன்று அரைவட்டக் குழாய்கள்.

தட்டாமாலை சுற்றாத குழந்தை உண்டா? கையை விரித்துச் சுற்றிவிட்டு நின்றால், உடம்பு நின்ற பிறகும் உலகம் சுற்றும். காதுக்குள் இருக்கும் அந்தக் குழாய்களில் ஒரு திரவம் இருக்கிறது. சுற்ற ஆரம்பிக்கும்போது அது பின்தங்கும். மூளை “சுற்றுகிறோம்” என்று புரிந்துகொள்ளும். பத்து, இருபது நொடி ஒரே வேகத்தில் சுற்றினால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். மூளைக்கு “சுற்றவில்லை” என்று தோன்றும். நின்றதும் திரவம் மட்டும் தொடர்ந்து ஓடும். இப்போது மூளை “எதிர்ப்பக்கம் சுற்றுகிறோம்” என்று சத்தியம் செய்யும். இது நோய் அல்ல. எல்லோருடைய காதும் இப்படித்தான்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறும் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு நடப்பதும் இந்தச் சண்டைதான். காது “வளைகிறோம்” என்கிறது. முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண் “அசையவே இல்லை” என்கிறது. வயிறு புரட்டுகிறது. வி.ஆர். விமானத்தில் இதே சண்டை தலைகீழாக நடக்கிறது. கண் “வளைகிறோம், கவிழ்கிறோம்” என்கிறது. காது “சும்மா இரு, நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம்” என்கிறது. கடைசியில் கஷ்டப்படுவது அதே வயிறுதான்.

எடையும் வராது. விமானத்தை 60 டிகிரி சாய்த்து, உயரம் குறையாமல் வளைத்தால், உள்ளே இருப்பவரின் எடை இரண்டு மடங்கு ஆகும். 70 கிலோ ஆள் 140 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். கன்னம் தொங்கும், கை தூக்க முடியாது. சூலூரில் இருக்கும் தேஜஸ் போர் விமானம் எட்டு மடங்கு வரை தாங்கும். அதில் இருக்கும் விமானியும் அதைத் தாங்கியாக வேண்டும். வீட்டு ஹெட்செட்டில் எவ்வளவு வளைத்தாலும் 70 கிலோ 70 கிலோதான்.

சூலூரிலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர்

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். கொங்கு நாடு மறக்க முடியாத ஒரு நாள் இருக்கிறது.

2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா ராவத் உட்பட 14 பேருடன் விமானப்படையின் எம்.ஐ.17 வி5 ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து காலை 11.48க்குக் கிளம்பியது. 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். சில நிமிடங்களுக்கு முன்னால், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரம் பக்கம் மரங்களுக்கு நடுவே விழுந்து எரிந்தது. அன்றே 13 பேர் இறந்தார்கள். உயிருக்குப் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங், ஒரு வாரம் கழித்து டிசம்பர் 15 அன்று பெங்களூரு மருத்துவமனையில் காலமானார். 2020 அக்டோபரில் நடுவானில் கட்டுப்பாட்டுக் கோளாறில் சிக்கிய தேஜஸ் விமானத்தைக் கைவிடாமல் பத்திரமாக இறக்கியதற்காக சௌர்ய சக்ரா பெற்றவர் அவர்.

முப்படை விசாரணைக் குழுவின் முதல்கட்ட முடிவு 2022 ஜனவரி 14 அன்று வெளியானது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசை உணர்வு தடுமாறியது. நல்ல நிலையில் இருந்த ஹெலிகாப்டர் தரையில் மோதியது என்றது அறிக்கை.

‘திசை உணர்வுத் தடுமாற்றம்’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் மேலே சொன்ன காதுதான் இருக்கிறது. மேகத்துக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அடிவானம் இல்லை, மலை இல்லை, மேல் கீழ் இல்லை. அப்போது மூளை காதை நம்ப ஆரம்பிக்கிறது. காதோ, மெதுவாக நடக்கும் சாய்வைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் நேராகப் போவதாகவே உணர்வார். மீட்டரைப் பார்த்துச் சரிசெய்தால், இப்போது எதிர்ப்பக்கம் கவிழ்வது போலத் தோன்றும். அனுபவம் உள்ளவரையும் உடம்பு ஏமாற்றும்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 1954இல் நடத்திய சோதனை ஒன்று விமானப் பள்ளிகளில் இன்றும் பேசப்படுகிறது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை நிஜ விமானத்தில் ஏற்றி, வெளியே தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். இழக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை! பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் தப்பித்தார்கள். பிறகு அதே ஆட்களுக்கு, கருவிகளைப் பார்த்தபடியே மெதுவாக விமானத்தைத் திருப்பி மேகத்திலிருந்து வெளியேறும் முறையைச் சில மணி நேரம் கற்றுக்கொடுத்தார்கள். அதன் பிறகு ஏறக்குறைய எல்லா முறையும் பத்திரமாக வெளியே வந்தார்கள்.

வீட்டு சிமுலேட்டரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் சேர்வது இங்கேதான். வீட்டில் கண்தான் ஏமாறுகிறது, காது உண்மை சொல்கிறது. நிஜ மேகத்துக்குள் காது பொய் சொல்கிறது. ஆகவே சூலூரிலிருந்து வெலிங்டன் வரை வி.ஆரில் நூறு முறை மேகத்துக்குள் ஓட்டினாலும், உடம்பு தன்னையே ஏமாற்றும் அந்தப் பயங்கரமான ஒரு நொடி வராது. அந்த நொடியை எதிர்த்து நின்று பழக வீட்டில் வழியே இல்லை. மறுபுறம், நாற்காலி எதையும் சொல்லாததால், வீட்டில் ஓட்டுகிறவர் மீட்டரை நம்பித்தான் ஆகவேண்டும். எந்தக் கருவியை எந்த வரிசையில் பார்ப்பது, ஒன்று பொய் சொன்னால் எதை வைத்துச் சரிபார்ப்பது என்ற பழக்கம் அங்கே நன்றாகவே படியும். அந்தப் பழக்கம்தான் 178 நொடிக்காரர்களைக் காப்பாற்றியது.

ஆர்மோனியக் காற்றில் பிறந்த விமானம்

தரையில் உட்கார்ந்தபடி பறக்கப் பழகுவது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. எட்வின் லிங்க் என்ற அமெரிக்க இளைஞரின் அப்பா, நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் ஊரில் பியானோவும் தேவாலய ஆர்கனும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். லிங்குக்கு விமானம் ஓட்ட ஆசை; பயிற்சிக் கட்டணமோ மிக அதிகம். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையே எடுத்து ஒரு மரப்பெட்டிக்கு அடியில் பொருத்தினார். தண்டை அசைத்தால் துருத்தி ஊதும், பெட்டி சாயும். நம் ஊர் ஆர்மோனியத்தின் பெரியண்ணன் தூக்கிச் சுமந்த விமானம் அது! 1929இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வாங்க முன்வந்தவர்களில் பலர் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். ராட்டினத்துக்குப் பக்கத்தில் வைப்பதற்காக.

1934இல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை ஒப்படைக்கப்பட்டது. இரவு, பனி, மேகம். கருவிகளை நம்பிப் பறக்கப் பழகாதவர்கள் அடுத்தடுத்து விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்கின் பெட்டிகள் ஆறை வாங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் லட்சக்கணக்கான விமானிகள் அந்த நீலப்பெட்டிக்குள் உட்கார்ந்து பழகினார்கள். ராட்டினமாக நின்றதைப் பள்ளிக்கூடமாக்கியதும் மேகத்துக்குள் நடந்த சாவுகள்தான்.

இன்று விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் பெரிய சிமுலேட்டர்கள் ஆறு ஹைட்ராலிக் அல்லது மின் கால்களில் நிற்கும் அறைகள். அவையும் ஒரு தந்திரம் செய்கின்றன. ரன்வேயில் வேகம் எடுக்கும்போது முதுகு சீட்டில் அழுந்த வேண்டுமே? அறையை மெல்லப் பின்பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். சாய்வதற்கும் வேகமெடுப்பதற்கும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த அளவுக்குத் துல்லியமான சிமுலேட்டரில் முழுப் பயிற்சியையும் முடித்துவிட்டு, அனுபவமுள்ள விமானி ஒரு புது ரக விமானத்தை முதல்முறை நிஜமாகத் தொடும்போது பின்னால் பயணிகள் உட்கார்ந்திருக்கலாம். பல நாடுகளில் அதற்கு அனுமதி உண்டு.

வி.ஆர். ஹெட்செட்டும் அந்த வரிசைக்குள் நுழைந்துவிட்டது. 2018இல் அமெரிக்க விமானப்படை, டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில் ஒரு குழுவுக்குக் கடையில் விற்கும் வி.ஆர். கருவிகளை வைத்தே பயிற்சியின் பெரும்பகுதியைக் கொடுத்துப் பார்த்தது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, சுவிட்சர்லாந்தின் வி.ஆர்.எம். நிறுவனம் செய்த ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டர் சிமுலேட்டருக்கு அங்கீகாரம் கொடுத்தது. வி.ஆரில் இயங்கும் சிமுலேட்டர் ஒன்றுக்கு அந்த அமைப்பு தந்த முதல் அங்கீகாரம். ஆனால் அதில் ஹெட்செட்டோடு அசையும் மேடையும், நிஜ ஹெலிகாப்டரின் அதே தண்டும் பெடலும் சேர்ந்தே இருக்கின்றன. கையில் அழுத்தம் வேண்டும், காதுக்கு அசைவு வேண்டும் என்பதை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

தோட்டத்தை அடமானம் வைப்பதற்கு முன்

மறுபடி காங்கேயத்து வீட்டுக்கு வருவோம். நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர், ஹெட்செட், ஜாய்ஸ்டிக், பெடல் எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்ச ரூபாயைச் சாதாரணமாகத் தொட்டுவிடும். “பைலட் ஆகப் போறேன், அதுக்குத்தான் கேக்கறேன்” என்று பிள்ளை சொன்னால், வாங்கித் தரலாமா?

ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்கிறது டி.ஜி.சி.ஏ. வீட்டில் ஓட்டிய ஒரு நிமிடம்கூட அந்தக் கணக்கில் சேராது. அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டரில் ஓட்டியதே குறிப்பிட்ட அளவுக்குத்தான் சேரும். அதே நேரம், வீட்டில் நன்றாகப் பழகியவர் பயிற்சிப் பள்ளிக்குப் போகும்போது காக்பிட் புரியாமல் விழிக்க மாட்டார். எந்த மீட்டர் எதற்கு, ரன்வேயை எந்த வரிசையில் சுற்றி வருவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு எப்படிப் பேசுவது என்பதெல்லாம் ஏற்கெனவே பழகியிருக்கும். ஒரு மணி நேரப் பறப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் இடத்தில், தெரிந்ததையே மறுபடி கற்காமல் இருப்பதும் லாபம்தான்.

மறக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கும். மானிட்டரில் பழகியவர்கள் வெளியே பார்க்காமல் மீட்டரையே முறைப்பார்கள். வி.ஆர். அதை ஓரளவு குறைக்கிறது. ‘மோதினால் ரீஸ்டார்ட்’ என்ற மனநிலையைக் குறைக்க எந்த ஹெட்செட்டாலும் முடியாது. மலைக்கும் மேகத்துக்கும் நடுவே நிஜமாகப் பறப்பவர் கற்க வேண்டிய முதல் பாடம், திரும்பிப் போய்விடுவது. விளையாட்டில் திரும்பிப் போனதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

அதனால் பெற்றோர் செய்ய வேண்டிய முதல் செலவு ஹெட்செட் அல்ல; மருத்துவப் பரிசோதனை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து, கோச்சிங்குக்குப் பணம் கட்டி, தோட்டத்தை அடமானம் வைத்த பிறகு, நிறப் பார்வைக் குறை இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்களிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றுக்கான பரிசோதனையை முதலிலேயே முடித்துவிடலாம். சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். அது தேறிய பிறகு சிமுலேட்டர் வாங்கினால், ஆசை ஆறு மாதம் தாங்குகிறதா, ஆறே நாளில் ஜாய்ஸ்டிக் பரணுக்குப் போகிறதா என்பதும் தெரிந்துவிடும். பயிற்சிக்கு ஆகும் பல லட்சங்களோடு பார்த்தால், அந்த விடைக்கு இரண்டு லட்சம் அதிகமில்லை. பைலட் ஆகும் எண்ணமே இல்லை, ஆசைக்குத்தான் என்றால் அதற்கும் தடை சொல்ல ஒன்றுமில்லை. கோவை வானத்தைத் தானே ஓட்டிச் சுற்றிப் பார்ப்பதும் ஒரு சுகம்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியவை சில. முதல் வாரம் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் மாட்ட வேண்டாம். வயிறு லேசாகப் புரட்ட ஆரம்பித்தாலே கழற்றிவிட வேண்டும். தாக்குப்பிடித்தால் பழகிவிடும் என்பது தவறு, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும். நேர் எதிரே ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். முகத்தில் படும் காற்று “இதுதான் முன்பக்கம்” என்று உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பலருக்கு இது பலிக்கிறது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு வேண்டாம் என்று ஹெட்செட் செய்யும் மெட்டா நிறுவனமே சொல்கிறது. பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெற்றோர் கண்காணிக்கும் கணக்கில்தான்.

கழற்றியவுடன் வண்டிச் சாவியை எடுக்கக் கூடாது. சிமுலேட்டரில் உட்கார்ந்து எழுந்த ராணுவ விமானிகளையே, குறிப்பிட்ட மணி நேரம் கழித்துத்தான் நிஜ விமானத்தில் ஏற அனுமதிக்கும் விதி சில நாடுகளில் இருக்கிறது. டி.வி.எஸ். 50க்கும் அது பொருந்தும். அரை மணி நேரமாவது சும்மா உட்கார்ந்துவிட்டு, பிறகு கிளம்பலாம்.